கருவிப் பட்டியலில் வேலை மேசைக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தச்சுத்தொழிலில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுத்துக்கொண்டு வெளியே வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "கையில இருக்கிற காசுக்கு ட்றக் சோ எடுப்பமா, இல்லாட்டி வேலை மேசை போடுவமா?" ட்றக் சோ என்பது தண்டவாளத்தின் மேல் ஓடுகிற மின்வாள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. படிவம் கொட்டேஷன் கேட்கும். பெட்டியில் அடைத்து வருகிற இயந்திரத்துக்குக் கடைக்காரர் நின்ற நிலையில் கொட்டேஷன் எழுதித் தருவார். தச்சனுக்கு உதவுகிற பாரமான வேலை மேசையை ஹாட்வெயார் கடையில் அடுக்கி வைத்து விற்பதில்லை. ஆகவே அதற்குக் கொட்டேஷன் இல்லை, பட்டியலில் இடமும் இல்லை. கடைசியில் வாள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். பிள்ளை நிலத்தில் குந்தியிருந்து கதவுச் சட்டத்தைக் காலால் மிதித்துக்கொண்டு உளி போடும்.

மர வேலை செய்கிறவருக்கு முதலில் வேண்டியது மேசை. ட்றக் சோ செய்கிற வேலையில் பெரும்பங்கைச் சாதாரண சேர்க்கியுலர் சோவும் (கையில் பிடித்து ஓட்டுகிற வட்ட வாள்), அதை நேராக ஓட்டக் கையால் செய்த ஒரு வழிப்பலகையும் செய்துவிடும். மேசை செய்கிற வேலையை எந்த இயந்திரமும் செய்யாது. பிளைவூட், எம்.டி.எப். (அழுத்திய மரநார்ப் பலகை) போன்ற ஷீட் வேலை மட்டுமே செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ட்றக் சோவைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியத் தண்டவாளத்தின் மேல் ஓடுகிற, மேலிருந்து அழுத்தி இறக்குகிற வட்ட வாள் அது. தண்டவாளத்தின் அடியில் வழுக்காத பட்டிகள், ஓரத்தில் மெல்லிய றப்பர் நாக்கு. முதல்முறை ஓட்டும்போது வாள் அந்த நாக்கைத் தன் அளவுக்கு அறுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாக்கின் விளிம்பு எங்கே படுகிறதோ அங்கேதான் வெட்டு. பென்சில் கோட்டில் விளிம்பை வைத்தால் சரி, அளவைக் கூட்டிக் கழிக்கிற வேலை இல்லை. மக்கீட்டா எஸ்.பி. 6000 போன்ற வாளில் 165 மில்லிமீற்றர் தகடு, 1300 வாட் மோட்டார், நேர்வெட்டில் 56 மில்லிமீற்றர் ஆழம். 8 அடிக்கு 4 அடி எம்.டி.எப். ஷீட் 18 மில்லிமீற்றர் தடிப்பில் ஏறக்குறைய 40 கிலோ வரும். அதைத் தனி ஆளாகத் தூக்கி வாளுக்குள் தள்ளுவதைவிட, ஷீட்டைக் கிடத்திவிட்டு வாளை நடத்துவது முதுகுக்கும் நல்லது, வெட்டுக்கும் நல்லது.

பெட்டியைத் திறந்தால் கிடைப்பது பெரும்பாலும் 1.4 மீற்றர் தண்டவாளம் ஒன்று. 8 அடி என்பது 2.44 மீற்றர். நீளப்பாட்டில் கிழிக்க இன்னொரு தண்டவாளமும் இணைப்புச் சட்டங்களும் வேண்டும். கொட்டேஷனில் இதை எழுத மறந்துவிடுவார்கள். இணைத்த பிறகு வருகிற பிழையும் உண்டு. இணைப்பின் சிறு திருகுகளை இறுக்கும்போது இரண்டு தண்டவாளமும் ஒரு நூலளவு பக்கத்துக்கு விலகும். இணைப்பில் கண்ணுக்குப் படாத விலகல் 8 அடிக் கடைசியில் 2 மில்லிமீற்றராக நிற்கும். நேரான நீள மட்டம் ஒன்றைத் தண்டவாளத்தின் விளிம்போடு அணைத்து வைத்துக்கொண்டு இறுக்க வேண்டும். இரண்டு முனையையும் முட்டவிடக் கூடாது, ஒரு சிறு இடைவெளி கிடக்கட்டும். முனை சரியான செங்கோணமாக இல்லாவிட்டால் முட்டுகிற இடமே தண்டவாளத்தை வளைத்துவிடும்.

ட்றக் சோ நேராக அறுக்கும், தானாக மூலைமட்டமாக அறுக்காது. இதைக் கடையில் சொல்லமாட்டார்கள். அறுத்த துண்டின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கபேட் பெட்டி கோணாமல் நிற்கும். பெரிய ஷீட்டில் 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணம் போட்டுக் கோடு கீறுவதைவிட நம்பகமான வழி இல்லை.

ஷீட்டின் நடு தொங்கினால் வெட்டின் வாய் மூடும், தகடு நெரிபடும், வாள் ஆளை நோக்கி எகிறும். அடியில் 2 அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஒன்றை முழுதாக விரிக்கலாம். அது கிடைக்காவிட்டால் வெட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாகச் சலாகை போடுங்கள். வெட்டி முடிந்தபின்னும் இரண்டு துண்டும் விழாமல் கிடக்க வேண்டும். தகடு ஷீட்டைத் தாண்டி 3 மில்லிமீற்றர் இறங்கினால் போதும்.

இனி மரத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் கதவு நிலை பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு 3 அங்குலம். 3 அங்குலம் என்றால் 76 மில்லிமீற்றர். 56 மில்லிமீற்றர் இறங்குகிற வாள் அதைத் தாண்டாது. 2 அங்குல முதிரைப் பலகையைக் கிழிக்கலாம், ஆனால் வாளோடு வருகிற பல் நெருங்கிய தகட்டால் கிழித்தால் மரம் கருகும், மோட்டார் முனகும். 48 பல் தகடு ஷீட்டுக்கும் குறுக்குவெட்டுக்கும். நீளக் கிழிப்புக்கு 24 பல்லோ அதற்குக் குறைவோ வேண்டும். எப்படியும் மரக்காலையில் வாங்கும்போதே அளவுக்குக் கிழித்து வாங்குகிறவருக்கு நீளக் கிழிப்பு எத்தனை நாள் வரும்? கிழித்த பிறகு சீவுவது, கழுந்து (துளைக்குள் செருகுகிற முனை) வெட்டுவது, துளை போடுவது, பூட்டுவது, மினுக்குவது எல்லாம் பிடித்துவைக்க ஓர் இடம் கேட்கிற வேலைகள்.

வழிப்பலகை செய்கிற முறையை எழுதிவிடுகிறேன், அரைநாள் வேலைதான். 9 மில்லிமீற்றர் பிளைவூட் ஷீட்டின் நீள விளிம்பிலிருந்து 4 அங்குல அகலத்தில் ஒரு துண்டு கிழியுங்கள். இது வேலி. கிழித்த பக்கம் கோணலாக வந்தாலும் பாதகமில்லை. ஆலையில் வெட்டிய நேர் விளிம்பு வாள் ஓடுகிற பக்கம் பார்க்கட்டும். அதே ஷீட்டில் 12 அங்குல அகலத்தில் இன்னொரு துண்டு, அது அடிப்பலகை. வேலியை அடிப்பலகையின் ஒரு பக்க ஓரத்தோடு சேர்த்து வைட் குளூ பூசி, 5/8 அங்குல ஸ்குரூ ஆணியால் 6 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்குங்கள். ஆணித்தலை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பசை காய்ந்த மறுநாள், சேர்க்கியுலர் சோவின் அடித்தட்டை வேலியோடு அணைத்து ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். அடிப்பலகையில் மிஞ்சிய பகுதி அறுந்து விழும். இப்போது எஞ்சிய விளிம்புதான் உங்கள் வெட்டுக் கோடு. ட்றக் சோவின் றப்பர் நாக்கு செய்கிற வேலை இதுதான். 185 மில்லிமீற்றர் தகடு உள்ள சேர்க்கியுலர் சோ சுமார் 65 மில்லிமீற்றர் இறங்கும். வழிப்பலகையின் 9 மில்லிமீற்றரைக் கழித்தாலும் 56 மிஞ்சும்.

இதில் பிழைக்கிற இடங்கள் இரண்டு. வேலியைத் தடித்த பலகையில் செய்தால் மோட்டாரின் வயிறு அதில் உரசும், வாள் கோட்டை விட்டு விலகும். தடிப்புக் கூடிய தகடு மாட்டினாலோ வேறு வாளை வைத்து ஓட்டினாலோ விளிம்பு பொய்யாகிவிடும். அதனால் எந்த வாளுக்கு, எந்தத் தகட்டுக்கு என்று பலகையிலேயே எழுதிவையுங்கள். சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். மாரி மழையில் இரண்டு கிழமை சாய்ந்து நின்றால் வில்லாக வளையும். துளை போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள்.

இந்த வழிப்பலகையில் ஓடுகிற வாள் மேலிருந்து இறங்காது, ஷீட்டின் நடுவில் தொடங்கி நடுவில் நிற்கிற வெட்டுக்கு உதவாது. தூசு உறிஞ்சாது. மெலமைன் ஷீட்டில் ட்றக் சோ அளவுக்குத் துப்புரவான விளிம்பும் தராது. பென்றி கபேட், அலுமாரி என்று மாதம் முழுக்க ஷீட்டோடு நிற்கிறவர், வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்கிறவர், ட்றக் சோவை முதலில் எடுப்பதுதான் புத்தி. அவருக்கு மேசை என்பது இரண்டு கழுதைக்கால் தாங்கியும் அதன்மேல் ஒரு பழைய கதவும்தான். வீட்டுக்குப் புதிதாக டைல் பதித்தால் கதவுகள் எல்லாம் அடியில் அரை அங்குலம் குறைக்க வேண்டி வரும். பூச்சு முடிந்த கதவை நாருடையாமல் குறைக்க ட்றக் சோவைவிட நல்ல கருவி இல்லை. ஆகவே வாங்குமுன் கடந்த 2 மாதம் செய்த வேலைகளை ஒரு துண்டில் எழுதிப் பாருங்கள். ஷீட் கூடவா, மரம் கூடவா என்று அந்தத் துண்டே சொல்லும்.

வாவிக்கரையில் தோணி கட்டிய ஓடாவிமார் மேசையா வைத்திருந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தோணி தன் பாரத்தில் தானே கிடக்கும், உளி போட்டால் நகராது. யன்னல் சட்டம் நகரும். நகர்கிற மரத்தைப் பிடிக்க ஒரு கை போய்விட்டால் உளிக்கு ஒரு கைதான் மிச்சம், அந்த உளி வழுக்கினால் போகிற இடம் காலோ பெருவிரலோ. சாப்பாட்டு மேசையில் வைத்துச் சீவினால் நிலைமை வேறு விதமாகக் கெடும். ஒவ்வொரு தள்ளுக்கும் மேசை ஒரு விரற்கடை முன்னால் போய்ப் பின்னால் வரும். சீவுளியின் வாய் அதிரும், மரத்தில் அலைஅலையாகத் தழும்பு விழும். பிள்ளை சீவுளியைத் தீட்டித் தீட்டிப் பார்க்கும். பிழை சீவுளியில் இல்லை.

நல்ல மேசை மரத்தை மூன்று விதமாகப் பிடிக்க வேண்டும்: முகம் சீவப் படுக்கையாக, விளிம்பு சீவ நெட்டாக, கழுந்து வெட்ட நட்டமாக. இந்த மூன்றும் அசையாமல் முடிந்தால் மேசை அழகாக இருக்கவேண்டியதில்லை.

அளவு: மேல்தட்டு 6 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலத் தடிப்பு. கால் நான்கும் 4 அங்குலச் சதுரம். குறுக்குச் சட்டங்கள் 2 அங்குலத்துக்கு 5 அங்குலம். தட்டுக்கு 3 கன அடி, கால்களுக்கு 1 கன அடிக்குச் சற்றுக் கூட, சட்டங்களுக்கு ஒன்றேகால் அளவில். சீவிக் கழிகிறதையும் சேர்த்து 7 கன அடி வாங்கினால் பற்றும். மகோகனியில் செய்தால், வைஸ் (மரத்தை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி) பூட்டியதும் 100 கிலோ அளவில் நிற்கும். அந்தப் பாரம்தான் வேண்டும்.

முதிரையிலும் பாலையிலும் மேசை செய்வது காசைக் கொட்டுவது. ஏற்றிப்போக அனுமதிப்பத்திரமும் வேண்டும், உளியின் வாயும் போகும். தென்னை வெளிப்புறம் வைரமாக இருந்தாலும் நார் சிம்பாகக் கிளம்பிக் கையில் ஏறும். மகோகனி நல்லது. வேம்பும் நல்லது, பூச்சி குறைவு. ஆனால் இழை மாறிமாறி ஓடுவதால் சீவும்போது பிய்யும், பொறுமை வேண்டும். எல்லாவற்றிலும் மலிவும் நம்பிக்கையும் உடைத்த வீட்டுத் தீராந்தியும் கைமரமும்தான். பல வருடம் கூரைக்குக் கீழ் காய்ந்த மரம் இனி இலகுவில் முறுக்காது. பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நடத்துங்கள். உள்ளே முறிந்து கிடக்கிற ஆணி இருக்கிற இடத்தில் காந்தம் இழுபடும். ஒரு ஆணி தப்பினால் சீவுளி அலகு ஒன்று போச்சு.

தட்டை ஒரே பலகையில் தேட வேண்டாம். 2 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டங்களை நட்டமாக நிறுத்திப் பக்கத்தோடு பக்கம் ஒட்டுங்கள். சீவியபின் ஒன்று ஒன்றேமுக்கால் அங்குலம் என்று எடுத்தால் 14 சட்டம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஒட்டப் போனால் கடைசிச் சட்டத்துக்குப் பசை பூசும்போது முதல் சட்டத்தில் பசை தோல் கட்டியிருக்கும். கச்சான் காற்று அடிக்கிற வறண்ட மாதங்களில் இன்னும் கெதியாக. விடியற்காலையில் தொடங்கி, நான்கு நான்காக ஒட்டிக் கடைசியில் தொகுதிகளைச் சேருங்கள். 10 அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப், மேலொன்று கீழொன்றாக மாற்றிப் போட்டால் தட்டு வளையாது. பசை அரைக் கிலோ போதும்.

உயரம் ஆளைப் பொறுத்தது. செருப்போடு நேரே நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிகிற இடம் எதுவோ அதுதான் சீவுவதற்கு உயரம்; நடுத்தர ஆளுக்கு 32 முதல் 34 அங்குலம். உயர்ந்துபோனால் தோளால் தள்ள வேண்டி வரும், மாலைக்குள் தோள் கழன்றுவிடும்.

தட்டைக் கால்ச்சட்டத்தோடு இறுக்கி அடைத்துவிடாதீர்கள். மாரியில் ஊதி, கச்சானில் சுருங்குகிற மரம் இது. 2 அடி அகலத்தில் கால் அங்குலம் வரைக்கும் அசையும். முன்பக்கம் ஒரு போல்ட்டால் இறுக்கி, பின்பக்கம் போல்ட் துளையை அகலப்பாட்டில் நீட்டி வெட்டி, வாஷர் போட்டு விட்டால் தட்டு வந்து போகும். இறுக்கி அடைத்தவர்களின் தட்டு நடுவில் பிளந்திருக்கும்.

வைஸ் 9 அங்குலம், பாரமானது. வலக்கைக்காரருக்கு முன்பக்கத்தின் இடது முனையில். பின்வாயைத் தட்டுக்குள் புதைத்து, அதன் முகம் தட்டின் விளிம்போடு ஒரே மட்டத்தில் வரவேண்டும். அப்படி வந்தால்தான் 7 அடிக் கதவை நெட்டாக நிறுத்தும்போது கதவு முழு நீளத்துக்கும் மேசையில் சாயும். வைஸ் விளிம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் கதவு அந்த ஒரு இடத்தில் மட்டும் பிடிபட்டு மறுமுனை ஆடும். இரும்பு வாய் தட்டின் மேல்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே இருக்கட்டும், சீவுளி முட்டாது. உள்ளே முக்கால் அங்குல மரப்பலகை பூட்டுங்கள். வலதுபக்கக் காலில் 4 அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு ஒரு முளை செருகினால் கதவின் மறுமுனைக்கு அது தாங்கு.

தட்டில் 20 மில்லிமீற்றர் துளைகள் ஆறேழு. மரத்தைத் தட்டோடு அழுத்திப் பிடிக்கிற பிடிகம்பிக்குக் கடை தேட வேண்டாம், கம்மாலையில் சொல்லி அடிக்கலாம்: முக்கால் அங்குல மொழுக் கம்பி, 12 அங்குலக் காம்பு, மேலே வளைத்துத் தட்டையாக்கிய நாக்கு. கொங்கிறீட்டுக்குப் போடுகிற முறுக்குக் கம்பி சரிவராது. துளையில் விட்டுத் தலையில் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் காம்பு சாய்ந்து துளையின் இரு பக்கமும் கவ்விக்கொள்ளும்; பின்பக்கம் ஒரு தட்டு, கழன்றுவிடும். துளை கம்பிக்கு இறுக்கமாக இருந்தால் சாயாது, சாயாவிட்டால் பிடிக்காது. தட்டு மெல்லியதாக இருந்தாலும் பிடிக்காது, 3 அங்குலம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். தட்டுக்கு அடியில் லாச்சி வைக்க ஆசைப்படாதீர்கள், கம்பி போய் அதில் இடிக்கும்.

கரையோரத்துக் கொட்டில்களில் தரை மணல். காலுக்கடியில் ஒரு சதுரக் கொங்கிறீட் துண்டு புதைக்காவிட்டால் ஒரு கால் இறங்கும், மேசை முறுக்கும். கொங்கிறீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் றப்பர் துண்டு போட்டால் ஈரம் ஏறாது, கறையான் ஏறினாலும் கண்ணில் படும். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, நேரான இரண்டு சட்டத்தைத் தட்டின் இரு முனையிலும் குறுக்கே வைத்துக் குனிந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பாருங்கள். தட்டை முதல்முறை மட்டமாகச் சீவியபின், ஒரு மாரி கழியவிட்டு இன்னொரு முறை சீவினால் பிறகு பல வருடம் தொடவேண்டியதில்லை.

வாள் எதுவானாலும் இரண்டு சங்கதி. 1300 வாட் என்றால் 230 வோல்ற்றில் 5 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 5 அம்பியர் உருண்டைமுனைப் பிளக்கில் போட்டால் பிளக் சூடேறி உருகக்கூடும். 13 அம்பியர் பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைக்காமல் முழுதும் விரித்துவிட வேண்டும். முதிரைத் தூள் தோலில் சொறியும் கொப்புளமும் தரும். எந்த மரத்தூளும் சுவாசத்துக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் வைத்திருக்கிறது. மூக்கில் துவாய்த்துண்டு கட்டுவது காணாது.

உதவி வழங்குகிறவர்களிடமும் பயிற்சி நிலையங்களிடமும் கேட்பது இதுதான். கொட்டேஷன் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மேசைக்கு அல்ல, மேசையின் பொருட்களுக்கு: மரக்காலையிலிருந்து 7 கன அடி, ஹாட்வெயார் கடையிலிருந்து 9 அங்குல வைஸ் ஒன்று, அரைக் கிலோ பசை, போல்ட் நட்டு, கம்மாலையிலிருந்து பிடிகம்பி இரண்டு. நல்ல கம்பனி ட்றக் சோவையும் இரண்டு தண்டவாளத்தையும் விட இதற்கு அதிகம் செலவாகாது, சேர்க்கியுலர் சோவுக்கும் காசு மிஞ்சலாம். மேசையைப் பயிற்சியின் கடைசிப் பயிற்சிப் பொருளாக ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்யட்டும். சட்டம் நேராக்குவது, ஒட்டுவது, கழுந்து, துளை, மட்டம் பிடிப்பது எல்லாம் அதில் வந்துவிடுகிறது. பக்கச் சட்டம் இரண்டையும் கழுந்து போட்டு நிரந்தரமாக ஒட்டி, நீளச் சட்டங்களை மட்டும் அரை அங்குலப் போல்ட்டால் பூட்டினால் கழற்றி ஏற்றலாம். தட்டைத் தூக்க நாலு பேர் வேண்டும். லேண்ட்மாஸ்டர் பெட்டியில் தட்டை முகம் கீழே இருக்கக் கிடத்தி, அடியில் சாக்கு விரித்து, வைஸைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். பூட்டியபடி ஏற்றினால் கல்லுறோட்டில் அதன் திருகு வளைந்துவிடும்.

இப்படிக்கு,
தச்சுத்தொழில் பயிற்றுநர் ஒருவர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.